ரெஃபரன்ஸ் மேனேஜரும் மைண்ட் மேப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு, நீண்ட கட்டுரை, புத்தகம் என்று எதையாவது எழுதப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. படித்த கட்டுரைகளைச் சேர்த்துவைக்க ஸோட்டேரோ போன்ற ஒரு மென்பொருள் இருக்கும். யோசனைகளைக் கிளை கிளையாக வரைய எக்ஸ்மைண்ட், ஃப்ரீப்ளேன் போன்ற ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும். அவற்றைப் பேசவைப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

இரண்டு எதற்கு? ஸோட்டேரோவிலேயே கோப்புறை, டேக் எல்லாம் இருக்கிறதே?

இருக்கின்றன. ஒரு கட்டுரையை எத்தனை கோப்புறைகளில் வேண்டுமானாலும் வைக்கலாம், டேக் போடலாம், தொடர்புடைய இன்னொரு பதிவோடு இணைக்கலாம். ஆனால் அங்கே அடிப்படை அலகு கட்டுரை. 'எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது' என்பதற்குப் பட்டென்று பதில் கிடைக்கும். 'இந்தக் கருத்தை யார் ஏற்கிறார்கள், யார் மறுக்கிறார்கள், எங்கே ஓட்டை இருக்கிறது' என்று கேட்டால் பதில் வராது. அதற்குக் கருத்தை அலகாகக் கொண்ட ஓர் இடம் வேண்டும். மைண்ட் மேப்பின் வேலை அதுதான்.

மறுபக்கமும் உண்டு. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்க எண் ஆகியவற்றை மைண்ட் மேப்பில் தட்டச்சு செய்து வைப்பது வீண் உழைப்பு. நூல்விவரம் ஸோட்டேரோவில் மட்டும் இருக்கட்டும், வாதம் படத்தில் மட்டும் இருக்கட்டும். நடுவே ஒரு மெல்லிய இணைப்பு போதும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்தப் பிரிவினையை ஒட்டியவைதான்.

இரண்டையும் ஒன்றாகச் செய்யும் மென்பொருள் கிடையாதா?

இருந்தது. ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டாகியர் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். மைண்ட் மேப் பகுதிக்கு ஃப்ரீப்ளேன், நூல்விவரத்துக்கு ஜாப்ரெஃப் என்று ஏற்கெனவே இருந்த இரண்டு திறந்தமூல மென்பொருள்களின் மேல் அதைக் கட்டியிருந்தார்கள். பிடிஎஃபில் போட்ட அடிக்கோடுகளும் குறிப்புகளும் நேராகக் கணுக்களாக, அதாவது படத்தின் கிளைகளில் நிற்கும் சிறு பெட்டிகளாக, வந்து இறங்கும். யோசனை அருமைதான். ஆனால் வளர்ச்சி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகத் தொடங்குபவர் அதை நாட வேண்டாம்.

அதைப் பயன்படுத்தியவர்களின் உழைப்பு வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். படங்கள் ஃப்ரீப்ளேன் கோப்புகளாகவும் நூல்விவரம் பிப்டெக் என்ற எளிய உரை வடிவக் கோப்பாகவும் இருந்ததால், மென்பொருள் போனபிறகும் இரண்டும் திறக்கின்றன. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த வடிவத்தில் சேமிக்கிறது என்று பாருங்கள்.

சிட்டவியும் இந்த வகையில் சேரும். அதில் மேற்கோள்களையும் சொந்த எண்ணங்களையும் தலைப்பு மரத்தில் அடுக்கிக்கொண்டே போகலாம். வரைபடம் அல்ல, மரப்பட்டியல். கட்டண மென்பொருள். படமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அது பொருந்தலாம்.

அப்படியானால் எந்த ஜோடி?

என் பரிந்துரை ஸோட்டேரோவும் ஃப்ரீப்ளேனும். இரண்டும் இலவசம், இரண்டும் திறந்தமூலம். ஸோட்டேரோ 2006 முதல் இருக்கிறது. ஃப்ரீப்ளேனின் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் உரை என்பதால் எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து தேடலாம். பார்க்க லட்சணமாக இருக்காது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அழகு முக்கியம் என்றால் எக்ஸ்மைண்ட். எழுத்திலேயே யோசிப்பவர் என்றால் அப்சிடியன்: குறிப்புகள் சாதாரண மார்க்டவுன் கோப்புகளாக (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் வெறும் உரை) உங்கள் கணினியிலேயே இருக்கும், அதன் கேன்வாஸ் வசதியில் அவற்றைப் பலகையில் பரப்பி அம்புக்குறி போடலாம், ஸோட்டேரோவிலிருந்து குறிப்புகளை இழுத்துக்கொள்ளும் நீட்சிகளும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) உண்டு. ஆனால் அப்சிடியனை எடுத்தவர்களில் பாதிப் பேர் நீட்சிகளைச் சீரமைப்பதிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். ஆய்வேட்டுக்குக் கெடு நெருங்கிவிட்டவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

மூன்று வழிகள்.

ஸோட்டேரோவில் ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. அதை வைத்து, இணைய முகவரி போலவே இருக்கும் ஆனால் 'ஸோட்டேரோ' என்ற பெயரில் தொடங்கும் ஓர் இணைப்பை உருவாக்கலாம். அதைக் கணுவில் ஒட்டிவிட்டால், சொடுக்கியதும் ஸோட்டேரோ திறந்து அந்தப் பதிவில் போய் நிற்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகை இணைப்பு பிடிஎஃபையே குறிப்பிட்ட பக்கத்தில் திறக்கும். இந்த இணைப்பை எடுக்கச் சுலபமான வழி பெட்டர் பிப்டெக் என்ற நீட்சி. அதை நிறுவி, விரைவு நகல் அமைப்பில் இந்த வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பதிவை நகலெடுக்கும்போதே இணைப்பு வந்துவிடும்.

இரண்டாவது வழி, சைட் கீ. ஆசிரியர் பெயர், ஆண்டு போன்றவற்றைச் சேர்த்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சிறு குறி. பெட்டர் பிப்டெக் தானாகவே உருவாக்கித் தரும். சொடுக்கினால் எதுவும் நடக்காது, வெறும் எழுத்துதான். ஆனால் எந்த மென்பொருளிலும், ஏன் காகிதத்திலும்கூட நிற்கும். ஸோட்டேரோவின் தேடல் பெட்டியில் போட்டால் கட்டுரை வந்துவிடும்.

மூன்றாவது, டிஓஐ முகவரி; அதாவது, வெளியான கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாளம். ஸோட்டேரோ இல்லாதவருக்குப் படத்தை அனுப்பும்போது இதுதான் பயன்படும்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் சைட் கீ. சொடுக்கும் வசதிக்காக முதல் வகையையும் சேர்த்துக்கொள்ளலாம். பிடிஎஃப் கோப்பின் பாதையை நேரடியாக ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கோப்பின் பெயர் மாறினாலோ கணினி மாறினாலோ எல்லா இணைப்பும் ஒரே நாளில் செத்துவிடும்.

கணுவில் என்ன எழுதுவது? கட்டுரைத் தலைப்பையா?

பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது இங்கேதான். நடுவில் ஆய்வுத் தலைப்பு, சுற்றிலும் துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பது கட்டுரைத் தலைப்புகள். ஸோட்டேரோவின் கோப்புறைப் பட்டியலையே வட்டமாக வரைந்தது போல இருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம், புதிதாக ஒன்றும் சொல்லாது.

கணுவில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். ஒருவர் 'அப்படியா? இல்லையே!' என்று மறுக்கக்கூடிய வாக்கியம். கட்டுரைகள் அதன் அடியில் சான்றாக வரட்டும்.

ஓர் உதாரணம். 'மறதி ஏன் ஏற்படுகிறது' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் கிளை: 'காலம் போகப்போக நினைவு தேய்கிறது; முதலில் வேகமாக, பிறகு மெதுவாக.' அடியில் எபிங்ஹாஸ் 1885. அதே சோதனையைத் திரும்பச் செய்து ஏறக்குறைய அதே வளைகோட்டைப் பெற்ற மூர்ரே, ட்ராஸ் 2015. இரண்டாவது கிளை: 'குற்றவாளி காலம் அல்ல; இடையில் நடக்கும் மற்ற விஷயங்கள்தான் நினைவைக் குலைக்கின்றன.' அடியில், விழித்திருந்தபோதைவிடத் தூங்கி எழுந்தபின் மறதி குறைவாக இருந்தது என்று காட்டிய ஜென்கின்ஸ், டாலன்பாக் 1924. பயன்படாமல் கிடப்பதே மறதிக்குக் காரணம் என்ற விளக்கத்தை எதிர்த்த மெக்கியாக் 1932.

இப்போது ஒவ்வொரு கட்டுரைக் கணுவிலும் ஒரு சிறு தகவலைச் சேருங்கள்: சோதனையில் எத்தனை பேர் பங்கேற்றார்கள்? எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துக்கொண்டார், ஆக ஒருவர். 2015 மறுசோதனையிலும் ஒருவர்தான். 1924 ஆய்வில் இருவர். மூன்று புகழ்பெற்ற ஆய்வுகள், மொத்தம் நான்கு பேர்! தனித்தனியாகப் படிக்கும்போது சட்டென்று உறைக்காத விஷயம், ஒரே படத்தில் அடுத்தடுத்து நிற்கும்போது முகத்தில் அடிக்கிறது. 'இது அதிகம் பேரிடம் சோதிக்கப்பட்டிருக்கிறதா?' என்ற அடுத்த கேள்வி தானாகப் பிறக்கிறது. அதை ஒரு வெற்றுக் கணுவாகக் கேள்விக்குறியோடு போட்டுவிடுங்கள். அடுத்து எதைத் தேடிப் படிப்பது என்பதை அந்த வெற்றுக் கணு சொல்லிவிடும்.

இந்தச் சிறு தகவல்களைக் கணுவின் வாக்கியத்திலேயே திணிக்க வேண்டாம். ஃப்ரீப்ளேனில் கணுவோடு பண்புகளை ஓர் அட்டவணையாக ஒட்டலாம், பிறகு அதை வைத்து வடிகட்டலாம். 'பத்துப் பேருக்குக் குறைவான ஆய்வுகளை மட்டும் காட்டு' என்று கேட்க முடியும்.

பிடிஎஃபில் போட்ட அடிக்கோடுகளை அப்படியே படத்துக்குள் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் ஸோட்டேரோவுக்குள்ளேயே பிடிஎஃப் வாசிப்பான் இருக்கிறது. அதில் போடும் அடிக்கோடுகள் பிடிஎஃப் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, ஸோட்டேரோவின் தரவுத்தளத்தில்தான் சேர்கின்றன. அதனால் அதே கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் வெறும் பக்கம்தான் தெரியும். 'என் குறிப்பெல்லாம் காணோம்' என்ற பதற்றத்துக்குக் காரணம் இதுதான். அடிக்கோடுகளோடு சேர்த்து பிடிஎஃபை ஏற்றுமதி செய்யும் வசதி ஸோட்டேரோவிலேயே உண்டு.

படத்துக்குக் கொண்டுவர வழி இப்படி: பதிவின் மேல் வலது சொடுக்கி, அடிக்கோடுகளிலிருந்து ஒரு குறிப்பை உருவாக்குங்கள். அந்தக் குறிப்பை மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யுங்கள். எக்ஸ்மைண்ட் மார்க்டவுனை இறக்குமதி செய்துகொள்ளும். ஃப்ரீப்ளேனில் இன்னும் எளிது: உள்தள்ளி எழுதப்பட்ட வரிகளை ஒட்டினால் உள்தள்ளலுக்கு ஏற்பக் கணுக்கள் உருவாகிவிடும்.

சரி, முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். ஒரு கட்டுரைக்கு முப்பது அடிக்கோடு என்றால் இருபது கட்டுரையில் அறுநூறு கணுக்கள். அவை எல்லாம் மற்றவர்களுடைய வாக்கியங்கள். அடிக்கோடுகள் ஸோட்டேரோவில் பத்திரமாக இருக்கட்டும். கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் சொற்களில் இரண்டு மூன்று வாக்கியம் மட்டும் படத்துக்கு வரட்டும். மெதுவாகத்தான் நடக்கும். அந்த மெதுவில்தான் படித்தது செரிக்கிறது.

ஒரே கட்டுரை மூன்று கிளைகளில் வருகிறது. என்ன செய்வது?

மூன்றிலும் சைட் கீயைப் போடுங்கள், முடிந்தது. நூல்விவரம் படத்தில் இல்லாததால் முரண்பட எதுவும் இல்லை. கணுவின் அடியில் நிறையக் குறிப்பு இருந்தால் ஃப்ரீப்ளேனின் குளோன் வசதியைப் பயன்படுத்தலாம். ஒன்றில் திருத்தினால் எல்லாவற்றிலும் மாறும்.

இது அடிக்கடி நடந்து, குறுக்குக் கோடுகள் வலை போலப் பின்னிக்கொண்டால், உங்கள் விஷயம் மர வடிவில் அடங்காதது என்று பொருள். மைண்ட் மேப் நடுவில் ஒன்றை வைத்துக் கிளை பிரிப்பது. டோனி பூசான் 1970-களில் பிரபலமாக்கிய வடிவம். அதே காலத்தில் ஜோசப் நோவாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த கருத்து வரைபடம் வேறு. அதில் நடு என்று ஒன்று இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு கோட்டின் மேலும் 'காரணமாகிறது', 'மறுக்கிறது' என்று உறவைச் சொல்லும் சொல் இருக்கும். அதற்கென்றே சிமேப்டூல்ஸ் இருக்கிறது. அப்சிடியன் கேன்வாஸிலும் கோட்டின் மேல் எழுதலாம்.

எப்போது வரையத் தொடங்குவது?

பத்துப் பதினைந்து கட்டுரைகளைப் படித்தபிறகு. அதற்குமுன் வரைந்தால் உங்கள் முன்முடிவுதான் கிளைகளாக வரும், பிறகு வரும் கட்டுரைகளை அந்தக் கிளைகளில் எப்படியாவது தொங்கவிடத் தோன்றும்.

இணைப்புகள் திடீரென்று வேலை செய்யவில்லை. ஏன்?

பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஒரே கட்டுரை இரண்டு முறை சேர்ந்து, பிறகு ஸோட்டேரோவில் அவற்றை ஒன்றாக்கியிருப்பீர்கள். அப்போது ஒரு பதிவு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. உங்கள் கணு அந்தப் பதிவைக் காட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் நகல்களை ஒன்றாக்கும் வேலையை இணைப்பு போடத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, பலர் பகிர்ந்துகொள்ளும் குழு நூலகம். உங்கள் நூலகத்திலிருந்து குழு நூலகத்துக்கு ஒரு பதிவை இழுத்தால், அது தனிப் பதிவாகிறது, அடையாளமும் வேறு. உங்கள் இணைப்பு உங்கள் நூலகத்துக்குத்தான் போகும், சக ஆய்வாளரின் கணினியில் எங்கும் போகாது.

மூன்றாவது, இணையத்தில் இயங்கும் மைண்ட் மேப் சேவைகள். வழக்கமான இணைய முகவரி அல்லாத இணைப்புகளை அவற்றில் சில ஏற்பதில்லை. அங்கே ஸோட்டேரோவின் இணைய நூலக முகவரியையோ டிஓஐயையோ கொடுங்கள்.

சைட் கீயும் மாறக்கூடும். ஆசிரியர் பெயரிலோ ஆண்டிலோ உள்ள பிழையைத் திருத்தும்போது, குறி நிலையாக்கப்படாமல் இருந்தால் அதுவும் சேர்ந்து மாறலாம். பெட்டர் பிப்டெக்கில் குறியை நிலையாக்கிவிட்டு அதன்பிறகு படத்தில் பயன்படுத்துங்கள்.

மெண்டலியோ எண்ட்நோட்டோ வைத்திருக்கிறேன். மாற வேண்டுமா?

அவையும் ஸோட்டேரோ போன்ற மென்பொருள்கள்தான், இதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. படத்தில் ஆசிரியர், ஆண்டு, டிஓஐ போட்டால் வேலை நடக்கும். சொடுக்கினால் பதிவில் போய் நிற்கும் சொகுசு ஸோட்டேரோ அளவுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். எப்படியிருந்தாலும் அவ்வப்போது பிப்டெக் அல்லது ஆர்ஐஎஸ் வடிவில் முழு நூலகத்தையும் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்திருங்கள்.

கனெக்டட் பேப்பர்ஸ், லிட்மேப்ஸ் வரைந்துதரும் படங்கள் போதாதா?

அவை கட்டுரைகளுக்கு இடையிலான மேற்கோள் உறவை வைத்துக் கணினி வரைபவை. எந்தெந்தக் கட்டுரைகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டும். விடுபட்டதைக் கண்டுபிடிக்க நல்ல உதவி. ஆனால் ஒருவரை மேற்கோள் காட்டியவர் அவரைப் பாராட்டினாரா, கிழித்துத் தொங்கவிட்டாரா என்பது அந்தக் கோட்டில் தெரியாது. தேடும்போது அவற்றைப் பயன்படுத்துங்கள், கிடைத்ததை ஸோட்டேரோவில் சேருங்கள், படத்தை நீங்களே வரையுங்கள்.

ஆசிரியருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் கட்டத்தில் எதைப் போடுவது?

ஸோட்டேரோவில் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் பொத்தான் இருக்கிறது. ஒற்றைப் பெயரை அதில் முழுதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் பெயரைப் பிய்த்து முதலெழுத்தாக்கிவிடும், சைட் கீயும் கோணலாகப் பிறக்கும். நிறுவனப் பெயர்களுக்கும் இதே வழிதான்.

படம் தயார். அதிலிருந்து எழுத்துக்கு எப்படிப் போவது?

முதலில் ஒழுங்கு. படத்தில் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும், எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். அதனால் எந்தக் கிளை முதலில் என்று முடிவு செய்து, கணுக்களை மேலிருந்து கீழாக அந்த வரிசைக்கு நகர்த்துங்கள். எழுதப்போகாத கிளைகளை அழிக்காமல், தனியே ஒரு கிடங்குக் கிளைக்குத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஏற்றுமதி. கணுக்களை நகலெடுத்து உரைத் தொகுப்பியில் ஒட்டினால் உள்தள்ளிய பட்டியலாக வரும். மார்க்டவுனில் எழுதுபவர்களுக்கு இங்கே பெரிய லாபம் உண்டு. சைட் கீக்கு முன்னால் அட் குறி போட்டுச் சதுர அடைப்புக்குள் வைத்திருந்தால், பாண்டாக் என்ற கோப்பு வடிவமாற்றி மென்பொருள் அதைப் படித்து, நீங்கள் கேட்கும் மேற்கோள் பாணியில் உள்ளுரைக் குறிப்பையும் கடைசியில் நூற்பட்டியலையும் உருவாக்கிவிடும். படத்தில் எழுதிய குறி கடைசி வரை மாறாமல் பயணிக்கிறது.

வேர்டில் எழுதுபவர்கள் சைட் கீ வரும் இடங்களில் ஸோட்டேரோ நீட்சியைக் கொண்டு ஒவ்வொன்றாக மேற்கோளைச் செருக வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனால் ஒவ்வொரு மேற்கோளும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று இன்னொரு முறை பார்க்க அது வாய்ப்பளிக்கிறது.

எழுதத் தொடங்கியபின் படத்தைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டாம். வாதம் எழுத்தில் திசை மாறும், மாறட்டும். படம் பழையதாகிவிட்டதே என்று திரும்பிப் போய்ச் சரிசெய்பவர்கள், எழுதுவதைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

கையால் காகிதத்தில் வரைந்தால் இதெல்லாம் பயன்படாதா?

பயன்படும். கணுவுக்குப் பக்கத்தில் சைட் கீயைப் பேனாவால் எழுதுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு புகைப்படம் எடுத்து, ஸோட்டேரோவில் அந்தத் திட்டத்தின் கோப்புறைக்குள் தேதியோடு போட்டுவையுங்கள்.